சில்லறையில் ஒரு நூலகம்: காசு தேடத் தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்

நாள்தோறும் நம் கைகளில் வந்து சேர்ந்து, வந்த வேகத்திலேயே வெளியேறிவிடும் பொருள்களுள் காசைப் போல் கவனிக்கப்படாத பொருள் வேறொன்றில்லை. எண்ணிப் பார்க்கிறோம், ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு காசின் மதிப்பு யாதென அறிவோம். அது எங்கே அச்சிடப்பட்டது, எந்த உலோகத்தால் ஆனது, அதன் மீதுள்ள சிறு குறிகள் எதைச் சொல்கின்றன என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர்க்கு விடை தெரியாது.

இந்த அறியாமையால் இழப்பு ஒன்றும் இல்லை என்று கருதிவிட இயலாது. தமிழகத்தின் பல ஊர்களில் பத்து ரூபாய்க் காசைக் கடைக்காரர் வாங்க மறுத்த காலமொன்று இருந்தது. ‘செல்லாது’ என்ற வெறும் வதந்தி, செல்லும் காசைச் செல்லாக் காசாக்கியது. மறுபுறம், சாதாரணமான ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைக் காட்டி, ‘இதற்குப் பல இலட்சம் கிடைக்கும்’ என்று ஆசை காட்டி எளிய மக்களின் பணத்தைப் பறிக்கும் கூட்டமும் பெருகியிருக்கிறது. மதிப்புள்ளதை மதிப்பற்றதென ஒதுக்குவதும், மதிப்பற்றதை மதிப்புள்ளதென நம்புவதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள். காசைப் பார்க்கக் கற்றுக்கொள்வதே இரண்டுக்கும் மருந்து. அக்கல்விக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. சட்டைப் பையில் இருக்கும் சில்லறையே போதும்.

காசு ஓர் ஆவணம்

காசின் மீது ஊரையும் ஆண்டையும் பொறிக்கும் வழக்கத்தை ஒழுங்குபடுத்தியதில் இஸ்லாமிய நாகரிகத்திற்குச் சிறப்பான பங்குண்டு. தொடக்கத்தில் அரபு நாடுகளில் பைசாந்தியத் தங்கக் காசுகளும் பாரசீக வெள்ளிக் காசுகளும், அவற்றின் சாயலில் அடிக்கப்பட்டவையுமே புழங்கின. உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696-97இல், உருவங்களை முற்றிலும் நீக்கி, எழுத்துகளை மட்டுமே கொண்ட தீனாரை வெளியிட்டார். அடுத்து வந்த வெள்ளித் திர்ஹங்களில் அடிக்கப்பட்ட நகரின் பெயரும் ஆண்டும் தெளிவாக இடம்பெற்றன. திமிஷ்க், பஸரா, வாஸித் எனக் காசே தன் பிறப்பிடத்தைச் சொன்னது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் வரலாற்றாசிரியர் அக்காசுகளைக் கையிலெடுத்து ஆட்சியின் எல்லையையும் காலத்தையும் வரையறுக்க முடிகிறது.

நம் ‘ரூபாய்’ என்ற பெயரும் அத்தகைய ஒரு சீர்திருத்தத்தின் வழி நிலைபெற்றதே. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூரி, ஏறத்தாழ 178 குன்றுமணி எடையுள்ள வெள்ளிக் காசை நிலைநிறுத்தினார் என்று நம்மவர் எழுதுவதுண்டு. அது 178 ‘கிரெய்ன்’, அதாவது சுமார் பதினொன்றரைக் கிராம் எடை. முகலாயரும் பின்னர் ஆங்கிலேயரும் அதனைச் சிறு மாற்றங்களோடு தொடர்ந்தனர். ஆங்கிலேயர் கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், நகைத் தொழிலாளர் இன்றும் அறிந்த ஒரு தோலா அதுவே.

தமிழகத்தை எடுத்துக்கொண்டால், பதினான்காம் நூற்றாண்டில் நிலவிய மதுரை சுல்தானகத்தின் வரலாறு பெரிதும் இரண்டு சான்றுகளைக் கொண்டே மீட்கப்பட்டது. ஒன்று, இப்னு பதூதாவின் பயணக் குறிப்பு. மற்றொன்று, சுல்தான்களின் காசுகள். இப்னு பதூதா அங்கிருந்து சென்ற பிறகு ஆண்டவர்களின் பெயரையும் வரிசையையும் அறியக் காசுகளே பெருந்துணை. கடைசி சுல்தானான அலாவுத்தீன் சிக்கந்தர் ஷாவின் காசில் காணப்படும் ஹிஜ்ரி 779 என்ற ஆண்டுதான், 1377-78 வரை அவ்வாட்சி நீடித்தது என்பதற்குச் சான்று. எவரோ ஒருவர் அக்காசுகளைப் பழைய பித்தளையென எடைக்குப் போடாமல் உற்றுப் பார்த்ததனால் ஓர் அரசின் வரலாறு பிழைத்தது.

அரும்பாவூரின் கைப்பிடிச் சில்லறை

பச்சைமலையின் அடிவாரத்தில் பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை வட்டத்தில் உள்ள பேரூர் அரும்பாவூர். மரச்சிற்பங்களால் பெயர் பெற்ற ஊர் இது. 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாகையிலும் வேம்பிலும் உளி பிடிக்கும் கைவினைஞர், மரத்தின் ரேகையைப் பார்த்தே அதன் இயல்பைச் சொல்வர். காசு பார்ப்பதற்கு வேண்டுவதும் அத்தகைய கண்ணே. காசும் ஒரு புடைப்புச் சிற்பம்தான். எஃகு அச்சில் எதிர்மறையாகச் செதுக்கப்பட்டது, உலோக வில்லையில் நேர்மறையாக எழுந்து நிற்கிறது.

காசு சேர்ப்பதென்றால் சென்னைக்கோ மும்பைக்கோ போய் ஏலத்தில் எடுக்க வேண்டும் என்று எண்ணுவோர் உண்டு. அரும்பாவூர் போன்ற ஊருக்கும் நாடெங்குமுள்ள காசுகள் வந்து சேர்கின்றன. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் ஏற்றிச் சென்ற வண்டி திரும்புகையில் வெளிமாவட்டச் சில்லறை வருகிறது. பேருந்து நடத்துநரின் பையில் பல ஊர்க் காசுகள் கலக்கின்றன. வெள்ளாற்றங்கரையிலுள்ள லப்பைக்குடிக்காடு, அருகிலுள்ள வி.களத்தூர் முதலிய ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் சென்று திரும்புவோரின் பைகளில் அயல்நாட்டுக் காசுகளும் வந்துவிடுகின்றன.

இப்பகுதிக்குக் காசு வரலாறும் புதிதன்று. இதே மாவட்டத்திலுள்ள வாலிகண்டபுரம், பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடியின் தலைமையிடமாக இருந்தது. 1670களில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியேற இசைவளித்தவர் அவரே. பின்னாளில் ரஞ்சன்குடிக் கோட்டை ஆற்காட்டு நவாபுகளின் ஆளுகையில் வந்தது. 1751இல் இப்பகுதியில் சந்தா சாகிபின் படையும் முகம்மது அலியின் படையும் மோதின. முகம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய சிறு செப்புக் காசுகள் காசு சேர்ப்போர் நன்கறிந்தவை. இவை நம் சில்லறையில் கிடைக்க மாட்டா. ஆயினும் சில்லறையில் பழகிய கண், பழைய வீட்டுப் பெட்டியிலோ வயலிலோ ஒரு செப்புக் காசு தென்படும்போது அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

முதல் பாடம்: பத்து ரூபாய்க் காசு

தொடக்கநிலையினர் பயில மிகச் சிறந்த காசு, மக்கள் ஐயுற்ற அதே பத்து ரூபாய்க் காசு. இரண்டு உலோகங்களால் ஆன இக்காசு 2009இல் புழக்கத்திற்கு வந்தது. ஆனால் முதலில் வந்தவற்றில் 2005, 2006 என்ற ஆண்டுகள் இருப்பதைக் காணலாம்; அச்சிட்ட காலமும் வெளியிட்ட காலமும் வேறாக இருக்கக்கூடும் என்பது இதிலிருந்து நாம் பெறும் முதல் அறிவு.

ஒரு வகையில் ‘10’ என்ற எண்ணின் மேல் பதினைந்து கதிர்கள் உள்ளன. ரூபாய்க் குறியீடு இல்லை. மற்றொரு வகையில் பத்துக் கதிர்கள். ரூபாய்க் குறியீடு உண்டு. ‘குறியீடு உள்ளதே நல்ல காசு, இல்லாதது போலி’ என்று வதந்தி பரவியது. காசின் ஆண்டைப் பார்த்திருந்தால் ஐயமே எழுந்திராது. ரூபாய்க்குரிய புதிய குறியீட்டை நடுவணரசு ஏற்றது 2010 ஜூலையில். ஆகவே 2008, 2009 ஆண்டுக் காசுகளில் அக்குறியீடு இருக்க வழியில்லை. 2011 முதல்தான் இடம்பெற்றது. அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய்க் காசுகள் வெளிவந்துள்ளன, அனைத்தும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. ஒரே மதிப்பில் 14 வடிவங்கள்! கடைக்காரருக்கு அது குழப்பம். சேர்ப்பவருக்கோ வீட்டு வாசலுக்கு வந்த ஒரு தொகுப்பு.

எதைப் பார்க்க வேண்டும்?

காசைக் கையிலெடுத்ததும் ஐந்து செய்திகளைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளல் நன்று.

முதலாவது, ஆண்டு. இரண்டாவது, ஆண்டின் கீழுள்ள அக்கசாலைக் குறி. இந்தியாவில் நான்கு அக்கசாலைகள் இயங்குகின்றன. ஆண்டின் கீழே சிறு வைர வடிவம் இருந்தால் அது மும்பையில் அடிக்கப்பட்டது. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையெனில் கொல்கத்தா. அப்துல் மலிக்கின் திர்ஹத்தில் ஊர்ப் பெயர் செய்த பணியை இன்று இச்சிறு குறிகள் செய்கின்றன. தேவைக்கு நம் அக்கசாலைகள் போதாத காலங்களில் அயல்நாடுகளிலும் இந்தியக் காசுகள் அச்சிடப்பட்டன. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாய்க் காசில் ஆண்டின் கீழ் ஆங்கில ‘எச்’ எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு ஐந்து ரூபாய்க் காசுகளுள் மாஸ்கோ அக்கசாலையின் குறி தாங்கியவையும் உள்ளன.

மூன்றாவது, உலோகம். இதற்கு ஒரு சிறு காந்தம் போதும். 1992 முதல் வந்த ஒரு ரூபாய்க் காசுகள் துருவேறா எஃகு, காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தைய ஆறு கிராம் எடையுள்ள ஒரு ரூபாய்க் காசு செம்பும் நிக்கலும் கலந்தது, ஒட்டாது. அதனினும் முந்தைய, 1962 முதல் வந்த பத்துக் கிராம் ரூபாய் தூய நிக்கல். அது மீண்டும் ஒட்டும். ஒன்பது கிராம் எடையுள்ள பழைய தடித்த ஐந்து ரூபாய் ஒட்டாது. 2007ஆம் ஆண்டின் மெலிந்த எஃகு ஐந்து ரூபாய் ஒட்டும். 2009க்குப் பின் வந்த மஞ்சள் நிற ஐந்து ரூபாய் ஒட்டாது. உலோக விலை ஏறியதும் அரசு மலிவான உலோகத்தை நாடியதுமான பொருளாதார வரலாறு முழுவதையும் ஒரு காந்தத் துண்டு சொல்லிவிடுகிறது.

நான்காவது, வடிவமும் விளிம்பும். இந்திய வரைபடம் பொறித்த பழைய இரண்டு ரூபாய்க் காசு பதினொரு பக்கங்கள் கொண்டது. 2020இல் புழக்கத்திற்கு வந்த இருபது ரூபாய்க் காசுக்குப் பன்னிரண்டு பக்கங்கள். தடித்த ஐந்து ரூபாயின் விளிம்பில், வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடுவதைக் காணலாம். போலி அடிப்போரைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது.

ஐந்தாவது, இரு முகங்களின் நேர்மை. சிங்க முகம் நிமிர்ந்திருக்குமாறு காசின் மேலும் கீழும் இரு விரல்களால் பிடித்து, பக்கவாட்டில் சுழற்றுக. இன்று புழங்கும் காசுகளில் மறுபுறமும் நிமிர்ந்தே தெரிய வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ தெரிந்தால், அச்சுகள் பொருத்தப்பட்டதில் பிசகு நேர்ந்திருக்கிறது. அது தனியே எடுத்து வைக்கத்தக்க காசு.

நினைவுக் காசுகள்

சில்லறையில் எளிதில் கண்ணில் படுபவை நினைவுக் காசுகள். விடுதலைக்குப் பின் இவ்வகையில் முதலாவது, 1964இல் நேரு மறைந்தபின் வெளிவந்தது. 1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டுக் காசுகள் வந்தன. தமிழகத்தோடு தொடர்புடையவையும் பல. தஞ்சையில் 1995இல் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர் உருவம் பொறித்த காசுகள், காமராஜர் நூற்றாண்டுக் காசு, 2009இல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய், 2010இல் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் ஆகியவற்றைச் சொல்லலாம். அண்ணா காசில் அவருடைய தமிழ்க் கையொப்பம் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. 2022 ஜூனில், விடுதலையின் 75ஆம் ஆண்டையொட்டிய சின்னத்துடன் ஒரு ரூபாய் முதல் இருபது ரூபாய் வரை ஐந்து மதிப்புகளில் காசுகள் வெளியாயின.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் மதிப்பில் வரும் நினைவுக் காசுகள் சேர்ப்போர்க்கென்றே விற்கப்படுபவை, சில்லறையில் வாரா. 2024இல் வெளியான, ‘தமிழ் வெல்லும்’ என்ற தொடர் தாங்கிய கலைஞர் நூற்றாண்டு நூறு ரூபாய்க் காசு இவ்வகையினது. புழக்கத்திற்கென்று அடிக்கப்பட்ட ஐந்து, பத்து ரூபாய் நினைவுக் காசுகளோ பெருந்தொகையில் வந்தவை. அழகாக இருப்பதனாலோ அரிதாகக் கண்ணில் படுவதனாலோ ஒரு காசு விலை மிக்கதாகிவிடாது.

பிழையும் சேதமும்

அக்கசாலையில் நேர்ந்த பிழையைத் தாங்கிய காசுகளைத் தேடுவோர் பலர். பிழை எப்படி நேர்கிறது என்பதை அறிந்தால்தான் பிழையையும் சேதத்தையும் பிரித்தறிய இயலும். நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டியெடுப்பர். தகடு சரியாக நகராவிடில், முன்பு வெட்டிய துளையின் மீதே வெட்டு விழுந்து, பிறை போல் ஒரு பக்கம் குறைந்த வில்லை கிடைக்கும். இரு அச்சுகளுக்கு இடையே வில்லை சரியாக அமராவிடில், உருவம் ஒரு பக்கம் ஒதுங்கிப் பதியும். அடித்த காசு வெளியேறாமல் அச்சில் ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன் மீது விழுந்தால், ஒரு புறம் சரியாகவும் மறுபுறம் அதே உருவம் பள்ளமாகவும் எதிர்மறையாகவும் பதியும். இவை உண்மையான பிழைகள்.

தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, அமிலத்தில் இட்டு மெலித்தது, சுத்தியால் தட்டியது, இரு காசுகளைத் தேய்த்து ஒட்டி இரு பக்கமும் சிங்கமாக்கியது ஆகிய யாவும் சேதங்கள். சோதிக்கும் முறை எளிது. ‘அச்சிடும்போது இது எவ்வாறு நேர்ந்திருக்கக்கூடும்?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விடை சொல்ல இயலாதெனில், அது வெளியே வந்தபின் நேர்ந்தது என்றே கொள்ளல் தகும்.

கடல் கடந்து வந்த காசுகள்

நம் பகுதிச் சில்லறையில் இடைக்கிடையே தலைகாட்டும் அயல்நாட்டுக் காசு, தொடக்கநிலையினர்க்கு ஒரு நல்ல பயிற்சி. அமீரகத் திர்ஹத்தில் காப்பிக் கூசாவையும் குவைத் காசில் பாய்மரக் கப்பலையும் சவூதி ஹலலாவில் பேரீச்ச மரத்தையும் குறுக்கிட்ட வாள்களையும் காணலாம். அரபு எண்களைப் படிக்கையில் இரண்டு இடங்களில் தடுமாற்றம் நேரும். அங்கே சுழியம் ஒரு புள்ளி. நாம் சுழியமென எண்ணும் சிறு வட்டமோ ஐந்து. ஹிஜ்ரி ஆண்டை மட்டும் தரும் காசுகளில், அந்த எண்ணை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1400 என்றிருந்தால் 1980ஐ ஒட்டியது. குர்ஆன் ஓதக் கற்ற நம் பிள்ளைகளுக்கு எழுத்துகள் முன்பே பழக்கமானவை. எண்களையும் கற்றுக்கொண்டால் முகலாயர் காசையும் ஆற்காட்டுக் காசையும் ஓரளவு படித்துவிடலாம்.

இன்னொரு வியப்பு. அண்டை நாட்டுக் காசுகளில் தமிழ் அன்றாடம் புழங்குகிறது. சிங்கப்பூர்க் காசில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் ‘சிங்கப்பூர்’ எனத் தமிழிலும் உண்டு. இலங்கைக் காசில் சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழ் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1807ஐ ஒட்டிச் சென்னையில் அடித்த வெள்ளிப் பணத்தில் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கும் இடம்பெற்றிருந்தன. சந்தையில் யார் யார் காசைப் படிப்பர் என்று அக்கால வணிகன் நன்கறிந்திருந்தான்.

விலையும் வலையும்

ஒரு காசின் விலையை நான்கு காரணங்கள் தீர்மானிக்கின்றன: எத்தனை அடிக்கப்பட்டன, எத்தனை எஞ்சியுள்ளன, எந்நிலையில் உள்ளது, எத்தனை பேர் அதை விரும்புகின்றனர். பழமை மட்டும் விலை தாராது. 1957 முதல் 1964 வரை ‘நயா பைசா’ என்ற பெயருடன் வந்த சிறு காசுகள் முதியோரின் சுருக்குப்பைகளில் இன்றும் உள்ளன; ஏராளமாக இருப்பதால் அவற்றுக்குப் பெருவிலை இல்லை. தாமரை பொறித்த மஞ்சள் நிற இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. அது செம்புக் கலவையேயன்றி வேறன்று. 2012ஆம் ஆண்டின் வைஷ்ணவ தேவி ஆலயக் காசுக்கு இலட்சக்கணக்கில் விலை என்பதும் இவ்வகைக் கதையே.

இக்கதைகளின் பின்னே ஒரு வலை விரிக்கப்பட்டிருக்கிறது. ‘உங்கள் காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் செலுத்துங்கள்’ என்று கைப்பேசியில் கேட்பார்கள். கட்டியபின் ஆளும் இல்லை, பணமும் இல்லை. தன் பெயரைப் பயன்படுத்தி இவ்வாறு ஏமாற்றுவோர் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இத்தகைய பேரங்களில் தான் ஈடுபடுவதில்லை என்றும், எவருக்கும் அந்த உரிமையை வழங்கவில்லை என்றும் தெளிவுபடுத்தியது. பொருளை வாங்குபவன் விற்பவனிடம் முன்பணம் கேட்பதில்லை என்ற ஒரே விதியை நினைவிற் கொண்டால் போதும்.

அறிந்தவரின் கடமை

ஏமாறாமல் இருப்பது பாதி. ஏமாற்றாமல் இருப்பது மறுபாதி. காசறிவு பெற்றவர்க்கு இரண்டாவதே கடினமான சோதனை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் பொருளீட்டும் ஒழுக்கம் பற்றிய பகுதியில், கள்ளத் திர்ஹத்தைப் புழங்க விடுவதைச் சமூகம் முழுவதற்கும் இழைக்கும் அநீதியாகக் காண்கிறார்கள். அக்காசு கைமாறிச் செல்லும் தோறும் கேடு பரவுகிறது. பொறுப்போ முதலில் வெளியிட்டவனைச் சேர்கிறது. கையில் வந்த கள்ளக் காசைப் பிறர் தலையில் கட்டாமல் கிணற்றில் எறிந்துவிட வேண்டும் என்றும், நல்ல காசையும் தீய காசையும் பிரித்தறியும் அறிவை வணிகர் கற்பது கடமை என்றும் அவர்கள் வலியுறுத்துகிறார்கள். காசைப் பார்க்கக் கற்பது பொழுதுபோக்கு மட்டுமன்று, நேர்மையின் ஒரு கூறு என்பதே இதன் உட்பொருள். சில்லறையில் வந்த அயல்நாட்டுக் காசை அவசரத்தில் நடத்துநரிடம் தள்ளிவிடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிராமத்திலிருந்து சரக்குடன் வருவோரை, அவர்கள் சந்தை விலையை அறியுமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தபின் அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அளித்தார்கள். முதிய பெண்மணி ஒருவர் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய ரூபாயை எடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1940க்கு முந்தைய ரூபாயாயின் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைப் பங்கிற்கு மேல் வெள்ளி, அதாவது ஏறத்தாழ 10.7 கிராம். 1940 முதல் 1945 வரையிலானதாயின் பாதி வெள்ளி. 1947ஆம் ஆண்டின் புலி உருவ ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல்தான். இவ்வேறுபாட்டை அவர் அறியார், நாம் அறிவோம். அந்த இடைவெளியை இலாபமாக்கிக்கொள்வதா, அவரிடம் சொல்லிவிட்டு நியாய விலைக்கு வாங்குவதா என்பதில்தான் நம் கல்வியின் தரம் வெளிப்படும்.

மண்ணில் கிடைத்த காசுகளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவானது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அடித்தளம் தோண்டுகையில் கிடைக்கும் காசுக் குடத்தைப் பங்கிட்டு விற்றுவிட்டால், எந்த ஊரில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்ற செய்தி அழிந்துவிடும். காசு மிஞ்சும், வரலாறு மிஞ்சாது.

பேணும் முறை

புதிதாகச் சேர்ப்போர் செய்யும் பெருந்தவறு, காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. நூறாண்டுகள் சேர்ந்து உருவான மேற்படலம் ஒரு நிமிடத்தில் போய்விடும். அதனோடு காசின் மதிப்பும் போய்விடும். மண் ஒட்டியிருந்தால் தூய நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தினால் போதும். விரல்கள் முகத்தில் படாமல் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். மலிவான பிளாஸ்டிக் உறைகள் சில ஆண்டுகளில் பசை கசிந்து காசைப் பச்சையாக்கும். சிறு காகித உறைகள் மேலானவை.

உறையினும் இன்றியமையாதது ஒரு குறிப்பேடு. ஆண்டு, அக்கசாலை, உலோகம், கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். அறிந்த கடையிலோ பள்ளிவாசல் கணக்கிலோ இருந்து நூறு காசுகளைக் கேட்டு வாங்கி, நான்கு அக்கசாலைகளின் பெயரில் பிரித்து எண்ணிப் பாருங்கள். எந்த அக்கசாலையின் காசு நம் ஊருக்கு மிகுதியாக வருகிறது என்பதை எந்த நூலும் சொல்லாது. அரும்பாவூர்ச் சிறுவன் ஒருவனின் குறிப்பேடு சொல்லும். எண்ணியபின் நூறையும் திருப்பிக் கொடுத்து, வேண்டியதை மாற்றிக் கொள்ளலாம். செலவு ஒன்றுமில்லை.

இதற்குரிய காலமும் சுருங்கி வருகிறது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30இல் செல்லாதவையாயின. ஐம்பது பைசா சட்டப்படி செல்லுமாயினும் சந்தையில் எடுப்பாரில்லை. 2016க்குப் பின் பரவிய கைப்பேசிக் கட்டண முறையால் தேநீர்க் கடையில்கூடச் சில்லறை குறைந்துவிட்டது. நம் பிள்ளைகள் காசைக் கையால் தொட்டு வளரும் கடைசித் தலைமுறைகளுள் ஒன்றாக இருக்கக்கூடும். மதுரை சுல்தானின் செப்புக் காசை எடைக்குப் போடாமல் வைத்திருந்த பெயரறியா மனிதர் நமக்கொரு வரலாற்றைத் தந்தார். நாளை மிச்சம் வாங்கும்போது, எண்ணுமுன் ஒரு கணம் ஆண்டின் கீழே பாருங்கள். வைரமா, நட்சத்திரமா, புள்ளியா, வெற்றிடமா என்று. அங்கிருந்து தொடங்குகிறது இக்கல்வி.